ஆயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கால்கள்

பாப்பாவுக்கு வயது நாற்பத்தாறு. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருபது வருடமாக மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து உட்கார்ந்திருப்பவள். அவளுக்குக் கீழே ஆறு பேர் வேலை செய்கிறார்கள். இந்தக் கண்டிப்பான மேடத்தை ஒருவர் இன்னமும் பாப்பா என்று கூப்பிடுகிறார் என்றால் அந்த ஆறு பேரில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். அந்த ஒருவர் அவளுடைய அண்ணன். இருவரும் ஒரே மாடியில் எதிரெதிர் வீடுகளில் இருந்தார்கள்.

அண்ணனுக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. காது மட்டும் நான்கு பேருக்கு உண்டானது. அவருடைய வேலையே காதால் செய்கிற வேலைதான். ஓர் ஆராய்ச்சிக் கூடத்துக்காரர்கள் சதுப்பு நிலத்தில் அங்கங்கே மைக் கட்டி வைத்து, மணிக்கணக்கில் ஒலிப்பதிவு செய்து அனுப்புவார்கள். அண்ணன் அதைக் கேட்டு, எந்த நிமிடம் எந்த வினாடியில் எந்தத் தவளை எந்தப் பக்கத்திலிருந்து கத்தியது என்று கம்ப்யூட்டரில் குறித்துக்கொடுப்பார். நூறு தவளை ஒன்றாகக் கத்தும்போது, புதிதாக வந்து சேர்ந்த நூற்றொன்றாவது தவளையைப் பிடித்துவிடுவார். அவர் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தையும் கம்ப்யூட்டர் குரலில் படித்துச் சொல்லும். அந்தக் குரல் அவர் ஒருவருக்குப் புரிகிற வேகத்தில் ஓடும். மற்றவர்களுக்குத் தகரத்தில் கடுகு கொட்டியது போலிருக்கும்.

கொஞ்ச நாளாக அந்தக் கம்ப்யூட்டரின் ஃபேன் இரைய ஆரம்பித்திருந்தது.

"விமானம் கிளம்புற மாதிரி இருக்கு பாப்பா. தவளை கத்துதா ஃபேன் கத்துதான்னு தெரியல" என்றார் அண்ணன். "தூசியா இருக்கும். கொஞ்சம் தட்டிக் குடேன்."

சனிக்கிழமை காலை அவர் முடிவெட்டிக்கொள்ளப் போன நேரத்தில் பாப்பா பெட்டியைத் திறந்தாள். சும்மா திறக்கவில்லை. இரண்டு வீடியோ பார்த்திருந்தாள். மேசையில் துணி விரித்து, கழற்றிய திருகாணிகளைக் கிண்ணத்தில் போட்டு, எல்லாம் முறைப்படிதான். ஃபேனுக்கு அடியில் இருந்த உலோகக் கட்டியின் இடுக்குகளில் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. அதற்கு ஹீட் சிங்க் என்று பெயர் என்றும், நான்கு திருகாணியைக் கழற்றினால் கையோடு வந்துவிடும் என்றும் வீடியோவில் சொன்னார்கள். கழற்றினாள். வரவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்தாள்.

'டக்' என்று ஒரு சத்தம். வந்துவிட்டது.

திருப்பிப் பார்த்தாள். கட்டியின் அடியில் தீப்பெட்டி அகலத்துக்குச் சதுரமாக ஒரு தகடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அதன் முதுகு முழுக்கப் பொன் நிறத்தில் மயிரிழை மயிரிழையாகக் கால்கள். வீடியோவில் இது வரவில்லை. இடையில் இருந்த பசை காய்ந்து கல்லாகிவிட்டது என்பதும், அது இந்தத் தகட்டை, அதாவது பிராசசரை, அதன் இருக்கையிலிருந்தே பிடுங்கி எடுத்துவிட்டது என்பதும் அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது அவளுக்குத் தோன்றியது ஒன்றுதான்: அண்ணன் வருவதற்குள் பிரித்து, இருந்த இடத்தில் வைத்துவிட வேண்டும். சமையலறைக்குப் போய்க் காய் நறுக்கும் கத்தியை எடுத்து வந்தாள்.

கத்தி வழுக்கியது. பொன் கால்களின் மேல் ஒரு மூலையிலிருந்து பாதி தூரம் உழுதுகொண்டு போனது. தகடு கழன்று, கால் பக்கம் கீழாகத் தரையில் விழுந்தது.

இருபது வருடமாக ஒரு ரத்தக் கண்ணாடித் தகட்டைக் கூடக் கை தவறிப் போட்டதில்லை அவள்.

அண்ணன் முடிவெட்டிய பவுடர் வாசனையோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். வீட்டின் அமைதியைக் கேட்டார்.

"என்ன ஆச்சு?"

"மூளையைப் பிடுங்கிட்டேன் அண்ணா."

"என்னோடதா, அதோடதா?"

அவள் அழுதுவிட்டாள். அவர் சிரிப்பை நிறுத்தினார். "அப்போ... குறிச்சு வெச்சதெல்லாம்?" என்றார். மூன்று மாத வேலை. வியாழக்கிழமை அனுப்பியாக வேண்டும்.  மூளை போனால் ஞாபகமும் போய்விடும் என்றுதான் இருவருமே நினைத்தார்கள்.  அண்ணன் ஹெட்போனை எடுத்து, ஒயரைச் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

*

நகல் எடுக்கும் கடைக்கு மேலே, ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்க முடியாத படிக்கட்டின் முடிவில் இருந்தது ரிப்பேர் கடை. கடைக்காரரை எல்லோரும் ஊசி என்றுதான் கூப்பிட்டார்கள். ஆளும் ஒல்லி, தொழிலும் ஊசியால் செய்கிற தொழில். முப்பத்தைந்து வயதிருக்கும். கடையில் உயிரோடு இருந்த கம்ப்யூட்டர்களைவிட வயிறு திறந்து கிடந்தவை அதிகம்.

"சிபியு கெட்டுப்போச்சு" என்று, திங்கட்கிழமை அண்ணனோடு படியேறி வந்த பாப்பா பெட்டியை மேசையில் வைத்தாள்.

"இது சிபியு இல்ல அக்கா, பெட்டி. ஊரே இதை சிபியுன்னுதான் சொல்லுது, நானும் சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன். சிபியு நீங்க கைல டப்பால வெச்சிருக்கீங்களே, அது."

டப்பாவைத் திறந்து, தகட்டைத் திருப்பி, விளக்கடியில் லென்ஸ் வழியாகப் பார்த்தார். 

"என்னத்தால குத்தினீங்க?"

"கத்தி" என்றாள், வாய்க்குள்ளேயே.

"கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை மிஷினை ஓட விட்டுச் சூடாக்கியிருந்தா பசை இளகியிருக்கும். அப்புறம் இழுக்கக் கூடாது, மூடியைத் திருகுற மாதிரி மெல்லத் திருகணும். சரி, விடுங்க. இந்தத் தப்பை நானும் பண்ணியிருக்கேன், தொழிலுக்கு வந்த புதுசுல."

"சார்" என்றார் அண்ணன். "மூணு மாசமா எழுதினது போயிடுச்சா? அதைச் சொல்லுங்க முதல்ல."

"அது எதுவும் போகல சார். ஞாபகம் வேற இடத்துல இருக்கு." ஊசி பெட்டிக்குள் விரலால் ஒரு மூலையைத் தட்டிக்காட்டினார். சத்தம் வந்த இடத்தை நோக்கி அண்ணனின் முகம் திரும்பியது. "இது யோசிக்கிற துண்டு. இதை மாத்தினாலும் நீங்க எழுதினது எழுதின இடத்துலயே இருக்கும்."

"மூளையை மாத்தினா ஞாபகம் அப்படியே இருக்குமா?"

"இருக்கும்."

"மனுஷனுக்கு இந்த வசதி இல்லையே" என்றார் அண்ணன். சனிக்கிழமைக்குப் பிறகு அவர் முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஓடியதை பாப்பா பார்த்தாள்.

ஊசி வேலையை ஆரம்பித்தார். மொத்தம் ஆயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கால்கள். அதில் அறுபதுக்கு மேல் சாய்ந்திருந்தன. ஒவ்வொன்றையும் ஊசிமுனையால் நெம்பி, வரிசை பார்த்து, நிமிர்த்தினார். மூச்சை இழுத்துப் பிடித்து ஒரு காலை நிமிர்த்துவார், விட்டு, அடுத்ததற்கு மறுபடி மூச்சை இழுப்பார். இரண்டு மணி நேரம் போனது. கடைசியில் நிமிர்ந்து, கழுத்தை நெட்டி முறித்தார்.

"ரெண்டு கால் உடைஞ்சே போச்சு. ஆனா ஓரத்துல இருக்குற கால்கள். சும்மா எர்த் இணைப்பா இருந்தா அது இல்லாமலும் ஓடலாம். போட்டுப் பார்க்கலாமா?"

"நான் ஒரு தடவை தொட்டுப் பார்க்கலாமா?" என்றார் அண்ணன்.

ஊசி பாப்பாவைப் பார்த்தார். இரண்டு மணி நேரம் நிமிர்த்தியதை ஒரு வாடிக்கையாளர் தொடுவதா? இருந்தாலும் தகட்டை அண்ணனின் உள்ளங்கையில் வைத்து, "ரொம்ப மெதுவா சார்" என்றார்.

அண்ணன் சுட்டுவிரலை இறக்கினார். தூங்குகிற குழந்தையின் இமையைத் தொடுவது போலத்தான் தொட்டார். ஒரு வரிசை இடமிருந்து வலம். அடுத்த வரிசை. இன்னொன்று. புள்ளி எழுத்துப் புத்தகம் படிக்கும்போது அவர் விரல் எப்படிப் போகுமோ அப்படியே போனது.

"ஒரே பக்கத்துல இவ்வளவு எழுத்தா!" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு விரல் நின்றது. பின்னால் போய், திரும்ப அதே இடத்துக்கு வந்தது.

"ஓரத்துல ரெண்டு இல்ல, சரி. இங்க நடுவுல ஒண்ணு குட்டையா இருக்கே. இது அப்படித்தானா?"

"எங்க?"

அண்ணன் விரலை எடுக்காமலே தகட்டை நீட்டினார். ஊசி லென்ஸை மாட்டிக்கொண்டு குனிந்தார். குனிந்தவர் நிமிர வெகுநேரம் ஆயிற்று.

"பாதியில முறிஞ்சிருக்கு" என்றார். குரலே மாறியிருந்தது. "மேல இருந்து பார்த்தா மத்ததோட ஒண்ணா தெரியுது. இது மெமரியோட பேசுற பக்கம் சார். இதைப் போட்டிருந்தா ஒரு நாள் ஓடும், ஒரு நாள் ஓடாது, எதனாலன்னு தலையைப் பிச்சுக்கிட்டு இருந்திருப்பேன்." லென்ஸைக் கழற்றிவிட்டு அண்ணனின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "பதினைஞ்சு வருஷமா இந்த வேலை பண்றேன். இதை விரலால யாரும் படிச்சுப் பார்த்ததில்ல."

ஆக, வேறு பிராசசர் வேண்டும். அதிலும் ஒரு சிக்கல். இது ஒவ்வொரு பாகமாக வாங்கிக் கடையில் பூட்டிய கம்ப்யூட்டர் இல்லை. கம்பெனியே கட்டி, மூடி, விற்ற பெட்டி. பாகங்களையெல்லாம் தாங்குகிற அதன் மதர்போர்டு அந்தக் கம்பெனி சொன்ன ஏழெட்டு பிராசசர்களைத் தவிர வேறெதையும் வீட்டுக்குள் சேர்க்காது. இருக்கையில் கச்சிதமாக உட்கார்ந்தாலும், யார் நீ என்று கேட்டு நின்றுவிடும். ஊசி பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு நான்கைந்து பேருக்கு போன் போட்டார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் செய்தி வந்தது. மூடப்பட்ட ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் அதே கம்பெனியின் அதே ரகக் கம்ப்யூட்டர் ஒன்று கிடைத்திருக்கிறது. அதற்கு மதர்போர்டு எரிந்துபோயிருந்தது. மூளை மட்டும் பிழைத்திருந்தது.

*

புதன்கிழமை காலை பாப்பா விடுப்பு போட்டுவிட்டு அண்ணனோடு வந்தாள். மாற்றுகிற வேலை அவள் பயந்த அளவுக்கு நேரம் பிடிக்கவில்லை. அதுவே அவளுக்கு மலைப்பாக இருந்தது. ஊசி கையைக் கழுவித் துடைத்து, பெட்டியின் இரும்பைத் தொட்டு உடம்பின் மின்சாரத்தை இறக்கினார். இருக்கையின் பக்கத்தில் இருந்த சின்ன நெம்புகோலைத் தூக்கினார். தகட்டின் மூலையில் ஒரு தங்க முக்கோணம், இருக்கையிலும் ஒரு முக்கோணம். இரண்டையும் சேர்த்துப் பிடித்து, தகட்டை வைத்து, கையை எடுத்துவிட்டார்.

அழுத்தவே இல்லை. ஆயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கால்களும் ஆயிரத்து முந்நூற்று முப்பத்தொரு துளைகளுக்குள் தகட்டின் எடையாலேயே இறங்கி உட்கார்ந்தன. அவ்வளவுதான்.

"அழுத்தம் குடுக்கணும்னு தோணினா எங்கயோ தப்புன்னு அர்த்தம்" என்று நெம்புகோலைச் சாய்த்தார். பட்டாணி அளவுக்குப் புதுப் பசை. அதன் மேல் சுத்தம் செய்த ஹீட் சிங்க். திருகாணிகளை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். "சார், நீங்களே சுவிட்சைப் போடுங்க."

அண்ணன் போட்டார். ஃபேன் சுழன்றது. திரை கறுப்பாகவே இருந்தது.

ஒரு நிமிடம். பாப்பா ஊசியைப் பார்த்தாள். ஊசி திரையைப் பார்த்தார். இரண்டு நிமிடம். கீழே நகல் எடுக்கும் மிஷின் காகிதத்தை விழுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. பாப்பா தன் முந்தானை நுனியைக் கயிறு மாதிரி முறுக்கியிருந்தாள்.

"சில நேரம் லேட்டாகும்" என்றார் ஊசி. "புது மூளையும் பழைய மெமரியும் இப்பத்தான் முதல் தடவை பேசுது. ஒருத்தர் வேகம் ஒருத்தருக்குப் பழகணும்."

"வந்துருச்சு" என்றார் அண்ணன்.

"எங்க அண்ணா? ஒண்ணும் தெரியலையே."

"ஃபேன் மூச்சு மாறிடுச்சு. இப்ப அது எதையோ யோசிக்குது."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, திரையில் வெளிச்சம் வந்தது. கறுப்பில் வெள்ளை எழுத்தில் ஒரு கேள்வி நின்றது. ஊசி படித்துச் சொன்னார். "பிராசசர் மாறியிருக்கே, பழைய பிராசசர் வெச்சிருந்த ரகசியச் சாவிகளை அழிச்சிடட்டுமான்னு கேக்குது. நீங்க டிஸ்க்குக்குப் பூட்டு போட்டிருந்தா இங்கதான் யோசிக்கணும். போட்டீங்களா?"

"தவளைச் சத்தத்தை யாரு திருடப் போறா? போடல."

ஊசி ஒரு பொத்தானைத் தட்டினார். இன்னொரு முறை அணைந்து எரிந்தது. பிறகு தகரத்தில் கடுகு கொட்டியது.

பாப்பாவுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. அண்ணனின் விரல்கள் விசைப்பலகையைத் தேடி ஓடின. கடவுச்சொல், ஒரு வரி, இன்னொரு வரி. பிறகு அவளுக்காகக் குரலின் வேகத்தைக் குறைத்தார். கம்ப்யூட்டர் நிதானமாகச் சொன்னது: "பதிவு நாற்பத்தொன்று. இரண்டு மணி, பதினான்கு நிமிடம், ஆறு வினாடி. இரண்டாவது தவளை, இடப்பக்கம், தூரத்தில்."

சனிக்கிழமை முடிவெட்டக் கிளம்புவதற்கு முன் அவர் கடைசியாக எழுதிய வரி அது.

அண்ணன் சாய்ந்து உட்கார்ந்தார். "இந்த மூளை போன மாசம் எங்க இருந்துச்சு?" என்று கேட்டார்.

"டிராவல்ஸ் ஆபீஸ்ல சார். டிக்கெட் போட்டுட்டு இருந்துச்சு."

"இப்பத் தவளை கேக்குது" என்றார் அண்ணன்.

 ஊசிக்கு இது தினசரி வேலை. ஆனால் அன்றைக்கு அவரும் திருகுளியைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று மறந்தவர் போல நின்றுகொண்டிருந்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் நாற்பத்தொரு பதிவும் போய்ச் சேர்ந்தன.

*

வெள்ளிக்கிழமை ஊசி போன் செய்தார். "அக்கா, உங்க பழைய பிராசசரைத் தூக்கிப் போட மனசு வரல. சூடான காத்து அடிச்சு மூடியைக் கழட்டி, உள்ள இருக்குற சில்லைத் தனியா எடுத்து வெச்சிருக்கேன். உங்ககிட்ட மைக்ரோஸ்கோப் இருக்குன்னு சார் சொன்னாரு. என் லென்ஸுக்கு அது எட்டாது. ஒரு தடவை பார்க்கணும்னு ரொம்ப நாளா ஆசை."

ஞாயிற்றுக்கிழமை பரிசோதனை நிலையம் மூடியிருக்கும். பாப்பா சாவி கொண்டுவந்து திறந்தாள். மாத்திரை டப்பாவிலிருந்து ஊசி எடுத்துக் கொடுத்தது சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய சில்லு. வழக்கமாக ரத்தத்தை அடியிலிருந்து வெளிச்சம் ஊடுருவிக் காட்டும். இதை ஊடுருவாது. அவள் போனின் டார்ச்சை ஒரு புட்டியில் சாய்த்து வைத்து, மேலிருந்து சரிவாக வெளிச்சம் விழும்படி செய்தாள். கண்ணை வைத்தாள். திருகைத் திருப்பினாள்.

மங்கலாக இருந்தது தெளிந்தது.

 இருபது வருடத்தில் எவ்வளவோ பார்த்தவள் அவள். மலேரியாக் கிருமியை ரத்த அணுவுக்குள் உட்கார்ந்த இடத்திலேயே பிடித்தவள். ஆனால் அவை எல்லாம் தானாக உண்டானவை. இது மனிதர்கள் போட்ட கோடு. கோட்டுக்குப் பக்கத்தில் கோடு, அதன் பக்கத்தில் கோடு, ஒன்றுகூட வளையாமல், ஒன்றுகூட மற்றதைத் தொடாமல். பச்சையும் செம்பும் ஊதாவுமாக ஒரு பட்டணமே விரிந்திருந்தது. திருகை ஒரு நூல் அசைத்தால் வேறொரு தெரு. அதற்குள்ளும் தெருக்கள். 

அவள் விலகி ஊசிக்கு இடம் விட்டாள். அவர் பார்த்தார். "அம்மாடி" என்றார்.  வெகுநேரம் கழித்து, கண்ணை எடுக்காமலே சொன்னார்: "இது மேல் தளம்தான் அக்கா. இதுக்கு அடியில பத்துப் பன்னிரண்டு தளம் இருக்கு. யோசிக்கிற வேலை நடக்குறது எல்லாத்துக்கும் அடியில. அதை இதுல பார்க்க முடியாது. வெளிச்சமே அந்த அளவுக்குள்ள நுழையாது, அவ்வளவு சின்னது. குட்டிக் குட்டி சுவிட்சு மாதிரி நானூறு கோடிக்கு மேல இருக்கும்னு சொல்றாங்க."

நானூறு கோடி. எண்ணுவது பாப்பாவின் தொழில். அவளுடைய மனம் தன் போக்கில் கணக்குப் போட்டது. "ஒரு சொட்டு ரத்தத்துல இருபத்தஞ்சு கோடி சிவப்பணு" என்றாள். "அப்போ இது பதினாறு சொட்டு ரத்தம்."

"அப்போ நாமளும் ஒண்ணும் குறைச்சல் இல்ல" என்றது பின்னாலிருந்து அண்ணனின் குரல். அவர் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். "ரெண்டு பேரும் வாயைப் பொளந்துட்டு நிக்கிறீங்கன்னு மட்டும் தெரியுது. எனக்கும் சொல்லுங்களேன்."

பாப்பா மறுபடி கண்ணை வைத்தாள். "பச்சையா..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். பச்சை அவருக்கு எதற்கு உதவும்? "பட்டணம் மாதிரி இருக்கு அண்ணா. மாடியில இருந்து பார்த்தா..." அதுவும் உதவாது. அவர் எந்த மாடியிலிருந்து எந்தப் பட்டணத்தைப் பார்த்தார்? நாற்பத்தாறு வருடமாகக் கூடவே இருக்கிற அண்ணனுக்குக் கண்முன் இருப்பதைச் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்காமல் தவித்தாள்.

"அண்ணா, கையைக் குடு."

அவர் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இடது கையை நீட்டினார். பாப்பா வலது கையால் மைக்ரோஸ்கோப்பின் திருகைப் பிடித்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல், இடது சுட்டுவிரலின் நகத்தால் அவருடைய உள்ளங்கையில் தான் பார்ப்பதை வரைய ஆரம்பித்தாள். நீளமாக எட்டுக் கோடு, ஒன்றை ஒன்று உரசாமல். அவை போய் ஒரு சதுரத்தில் முட்டின. சதுரத்துக்குள் மணிக்கட்டிலிருந்து விரல்வரை பொடிப்பொடியாகக் கட்டங்கள். பிறகு மூன்று கோடுகள் பிரிந்து கட்டைவிரல் பக்கம் திரும்பின.

அண்ணன் தவளைச் சத்தம் கேட்கும்போது வைத்திருக்கிற அதே முகத்தோடு, தலையைக் கொஞ்சம் சாய்த்து உட்கார்ந்திருந்தார். மூச்சுக்கூட மெதுவாக வந்தது.

"இந்தக் கட்டம் எல்லாம் ஒரே மாதிரியா?"

"ஒரே மாதிரி. அச்சு அசலா."

"எத்தனை?"

"எண்ண முடியாது அண்ணா. நான் சொல்றேன், எண்ண முடியாது."

"இதை யாரோ ஒருத்தர் உக்காந்து யோசிச்சிருக்காங்க, இந்தக் கோடு இங்க திரும்பணும்னு" என்றார் அண்ணன். ஊசி சுவரில் சாய்ந்து நின்றபடி ஆமாம் என்று தலையசைத்தார். அண்ணனுக்கு அது தெரியாது என்று நினைவு வந்து, "ஆமா சார்" என்று வாய்விட்டும் சொன்னார்.

பாப்பா வரைந்துகொண்டே போனாள். உள்ளங்கை நிறைந்ததும் அவர் தானாகவே மறு கையை நீட்டினார். அதுவும் நிறைந்தது. வெளியே வெயில் ஜன்னல் கம்பியின் நிழலை மேசைக்கு மேலே நகர்த்தியிருந்தது. போனின் டார்ச் சூடாகி ஒருமுறை அணைந்தது. ஊசி தன் போனை எடுத்து அதே புட்டியில் சாய்த்து வைத்தார்.

"இதுவரைக்கும் எவ்வளவு தூரம் வந்திருக்கோம்?" என்று அண்ணன் கேட்டார்.

பாப்பா கண்ணை எடுத்து, வெறும் கண்ணால் சில்லைப் பார்த்தாள். தொடங்கிய இடத்துக்கும் வந்து சேர்ந்த இடத்துக்கும் நடுவே ஒரு கடுகு உட்கார இடமில்லை.

"இன்னும் கிளம்பவே இல்ல அண்ணா."

"நல்லது" என்று அவர் மறுபடி இடது கையை விரித்து வைத்தார். "அவசரமே இல்ல. அடுத்த தெருவுக்குப் போ."